இறந்த தேதி

வெண்ணெய் காயும்போது அடுப்படியில் யாரும் பேசக் கூடாது என்பது கண்ணாத்தாளின் சட்டம். பக்தி கிக்தி ஒன்றுமில்லை. நெய்ப் பதத்தை அவள் காதால் பிடிக்கிறவள். முதலில் சடசடவென்று பொரியும், அப்புறம் முணுமுணுக்கும், பிறகு அந்த முணுமுணுப்பும் அடங்கிப் பாத்திரம் வாயை மூடிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் அடியில் படிகிற கசண்டு கருகிவிடும். அப்புறம் அந்த நெய் விளக்கெரிக்கத்தான் ஆகும்.

அன்றைக்குப் பார்த்து நாச்சிமுத்து அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தார். கையில் இரண்டு நெய் சீசா.

"இதுல நம்முளுது எது, சொல்லு" என்றார்.

திட்டலாம் என்று திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். இரண்டு சீசாவையும் வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒன்று அவள் காய்ச்சியது. இன்னொன்று டால்டாவில் வாசனைத் தைலம் ஊற்றியது, மூக்கிருக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் கடையில் யார் மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்குகிறார்கள்? வெளியே ஒட்டியிருந்த படம் இரண்டிலும் ஒன்றுதான். செவலைப் பசு கழுத்தைத் திருப்பிக் கன்றுக்குட்டியை நக்குகிறது. குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பசுவின் இடது கொம்பு மட்டும் உள்பக்கம் வளைந்திருக்கும். அவர்கள் கட்டுத்தறியில் நின்ற செவலைக்கு நிஜமாகவே அப்படித்தான் கொம்பு. எந்த மகராசனோ அந்த வளைவைக்கூட விடாமல் களவாடியிருந்தான். இதற்குள் பாத்திரத்தில் கசண்டு கருகிவிட்டது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் அவர்கள் ஊர். சுற்றுப்பக்கத்துப் பட்டிகளில் எருமையும் மாடும் வைத்திருக்கிறவர்களிடம் நாச்சிமுத்து வெண்ணெய் எடுப்பார், கண்ணாத்தாள் காய்ச்சுவாள். மழை பொய்த்து, காட்டில் மரவள்ளியும் கைவிட்டபோது குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது இந்த நெய்தான். சேலத்திலும் நாமக்கல்லிலும் செவலை மார்க் நெய் என்றால் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கி அடுக்குவார்கள். இப்போது ஒவ்வொருவராகச் சரக்கைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். உங்கள் படம் போட்ட சீசாவில் கலப்பட நெய் வருகிறது, எது உங்களுடையது என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், அவர்கள்மேலும் தப்புச் சொல்ல முடியாது. போலீசுக்குப் போனார். படம் உங்களுடையது என்பதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி ஒரு பதிவு உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த குணசீலன் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். கடை போட்டு ஒரு வருடம் இருக்கும். ஊர்க்கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. படத்தை வரைந்த அன்றைக்கே உரிமை வந்துவிட்டது, ஆனாலும் கேட்கிறவன் முகத்தில் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அதுதான் காப்பிரைட் பதிவு என்று அவன் நாச்சிமுத்துவுக்கு விளக்கினான். முன்பெல்லாம் டெல்லிக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்க வேண்டுமாம். இப்போது எல்லாவற்றையும் சீர்திருத்தி ஆன்லைனில் கொண்டுவந்து லேசாக்கிவிட்டார்களாம்.

லேசாகத்தான் இருந்தது, டெல்லிக்காரர்களுக்கு. நாச்சிமுத்து பாடுதான் திண்டாட்டம். படம் பெரிதாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் துப்பியது. சிறிதாக்கினால் தெளிவில்லை என்றது. செல்லுக்கு வருகிற நம்பரைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. சரக்கில் ஒட்டுகிற படம் என்பதால், இதே மாதிரி வேறு யாரும் மார்க் வாங்கவில்லை என்று டிரேட்மார்க் ஆபீசிலிருந்து தனியாக ஒரு சான்று வேண்டும் என்றது. அதை வாங்கித் தருவதற்குள் மாசியும் பங்குனியும் போய்விட்டன. கடைசியாக, படம் வரைந்தவர் யார் என்று குணசீலன் கேட்டான்.

"எம்புள்ளதானுங்க" என்றிருக்கிறார். விண்ணப்பம் போடுகிறவர் வேறு, வரைந்தவர் வேறு என்றால் வரைந்தவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். நாச்சிமுத்து, பிள்ளை இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். பையன் பாவப்பட்டு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இறந்தவர் என்று இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டு அனுப்பிவிட்டான்.

இது எதுவும் கண்ணாத்தாளுக்குத் தெரியாது. சித்திரையில் டெல்லியிலிருந்து பதில் வந்திருக்கிறது, அம்மாவும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று குணசீலன் கூப்பிட்டான். நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு புருசனுக்குப் பின்னால் போனாள். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. சென்டரில் ஃபேன் ஓடியது, அவ்வளவுதான், காற்று வரவில்லை.

குணசீலன் பதிலைத் தமிழில் சொன்னான். வரைந்தவர் இறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். இறந்த தேதி வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும். வாரிசுகளின் சம்மதம் வேண்டும், அதற்குத்தான் அம்மாவைக் கூப்பிட்டேன் என்றான். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, பொண்ணு இறந்த தேதி சொல்லுங்க."

கண்ணாத்தாளுக்கு முதலில் விளங்கவில்லை. யார் பெண், எந்தப் பெண் என்று பார்த்தாள். பிறகு விளங்கியது. புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனப்பிரியா செத்துப்போகவில்லை. ஜலகண்டாபுரத்தில் குடியிருக்கிறாள். நாலைந்து வருடத்துக்கு முன்னால் லேபிள் அச்சடிக்கிற சேலத்து அச்சகத்துக்கு, செவலையின் நிறம் சிவப்படித்துப்போகிறது என்று சொல்லித் திருத்தப் போனவள், அங்கே மிஷின் ஓட்டிய காளிதாஸைப் பார்த்துப் பழகி, அவனையே கட்டிக்கொண்டாள். அவன் வேறு சனம். சொந்தபந்தம் கூடிப் பேசியது. நாச்சிமுத்து யாரிடமும் வாதாடவில்லை. கிணற்றடிக்குப் போய், சுடுகாட்டிலிருந்து வந்தவர் மாதிரி தலைமுழுகினார். கண்ணாத்தாளையும் முழுகச் சொன்னார். முழுகினாள். அந்தத் தண்ணீரோடு எவ்வளவு கண்ணீர் போனது என்று அவளுக்கும் கிணற்றுக்கும்தான் தெரியும். பிள்ளையின் துணிமணி, கட்டில், போட்டோ எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் கலர் பென்சிலில் வரைந்த பசுவும் கன்றும் மட்டும் சீசாக்களில் இருந்தன. லேபிளை மாற்றிவிடுங்கள் என்று பங்காளிகள் சொன்னபோது, மாற்றினால் வாடிக்கை போய்விடும் என்று வியாபாரம் பேசினார். ஒரு தகப்பன் தன் பிள்ளை ஞாபகத்தை எத்தனை விதமாக ஒளித்துவைப்பான் என்று யோசித்தால், பாவமாகத்தான் இருக்கிறது.

"தேதி தெரியலைன்னா பரவால்லை, தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து வாங்கலாம்" என்றான் குணசீலன், அவர் மௌனத்தைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு.

"சொல்லுங்க" என்றாள் கண்ணாத்தாள் புருசனிடம். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் சொல்லோணும்."

தலைமுழுகிய நாள் நாச்சிமுத்துவுக்கு மறந்திருக்காது. ஆவணி மாதம், முகூர்த்த நாள். ஆனால் அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. கடைசியில், நானே வரைந்தேன் என்று மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் போடுகிறார்கள் என்றான் குணசீலன்.

"நீங்க வரைஞ்ச மாட்டத்தான் நான் பாத்திருக்கறனே" என்றாள் கண்ணாத்தாள். "மாட்டுப் பொங்கலுக்குச் செவுத்துல ஒன்னு வரைஞ்சீங்க. ஊருப் புள்ளைங்க அத நாயின்னு சொல்லிக் கல்லெடுத்து அடிச்சுதுங்க."

குணசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. கண்ணாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு பையன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எம்புள்ள உசுரோடதான் இருக்குது. சலகண்டாபுரத்துல இருக்குது. நாங்கதான் தலைமுழுகிட்டோம்."

பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, உயிரோடு இருந்தால் எந்தச் சான்றிதழும் வேண்டாம், தப்பாகப் போட்டதைத் திருத்திவிடலாம், மகள் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். டெல்லிக் கடிதத்தையும், பெரியவர் எதற்கு இசைவார் என்று பிடிபடாமல் இரண்டு காகிதங்களையும் அச்செடுத்துக் கொடுத்தான். ஒன்று இறந்த தேதியை எழுதிக் கொடுப்பதற்கு. இன்னொன்று மகள் சம்மதம் கொடுப்பதற்கு. எது வேண்டுமோ அதை நிரப்பிக்கொண்டு வாருங்கள், கெடு முடிவதற்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும் என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கண்ணாத்தாள் களி கிண்டினாள், கொள்ளுப் பருப்பு கடைந்தாள், வட்டிலில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் தின்றார். வெண்ணெய் வந்தது, காய்ச்சினாள். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய சீசாக்கள் சுவரோரம் வரிசைகட்டி நின்றன. எந்தப் பக்கம் போனாலும் செவலை கன்றை நக்கிக்கொண்டிருந்தது. போகலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வீம்புக்கு மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது? ஒரு காலையில் தொட்டியில் தண்ணீர் காட்டப் போனவர், மாட்டை மறந்துவிட்டு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து, பேனாவும் கையுமாக வெகுநேரம் குந்தியிருந்ததைச் சமையற்கட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். எந்தக் காகிதம் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் நெய் பதம் அடங்குகிற நேரமாகப் பார்த்து வந்து நின்றார்.

"சலகண்டாபுரத்துக்குச் சேலத்துல எந்தப் பக்கம் பஸ்சு நிக்குது?"

கண்ணாத்தாள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அன்றைக்குக் கருகவிடவில்லை.

சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நாச்சிமுத்து மாம்பழ வண்டி பக்கம் போனார். புள்ள ஊட்டுக்கு வெறுங்கையை ஆட்டிக்கொண்டு போவதா என்று அவளாகச் சொல்ல நினைத்திருந்தாள், அதற்குள் அவரே போய்விட்டார். ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்பை மோந்து, அமுக்கிப் பார்த்து, வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்தார். வண்டிக்காரன் சலித்துக்கொண்டான். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை பொறுக்கியிருக்க மாட்டான். கண்ணாத்தாள் ஒரு முழம் மல்லிகையை வாங்கி இலையில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

ஜலகண்டாபுரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கூடவே வந்தது. சேலைக்குப் பார்டர் டிசைன் போடுகிற தனப்பிரியா என்று கேட்டதும் ஒருவர் வீட்டைக் காட்டினார். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் வாசலில் நிழல் தட்டியதும் திரும்பினாள். எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது, அதைப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

"வாங்கம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வாங்கப்பா."

இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாத்தாள் மாம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் போட்டிருந்த பாயின் நுனியில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்தார். உங்கள் மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார், சாயந்திரம்தான் வருவார் என்று தனப்பிரியா அம்மாவிடம் சொன்னாள். திரையில் பாதி வரைந்த மாங்காய்ப் பார்டர் இருந்தது. ஒரு டிசைன் போட்டுக் கொடுத்தால் சேலை கடைக்கு வருவதற்குள் பக்கத்துத் தெருவில் அதையே காப்பியடித்து ஓட்டுகிறார்கள் என்று பேச்சுக்குச் சொன்னாள். நம்ம செவலைக்கும் அதுதான் கதி, சாமி என்று கண்ணாத்தாள் போலி நெய் கதையைச் சொல்லி முடித்தாள். கையெழுத்து வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கடிதத்தை மகள் கண்ணில் காட்டாமல் சம்மதத் தாளை மட்டும் நீட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளை.

நாச்சிமுத்துவோ பைக்குள் கைவிட்டு எல்லாக் காகிதத்தையும் எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டார்.

தனப்பிரியா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தாள். ஒரு இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. மறுபடி அதே வரியைப் படித்தாள். கண்ணாத்தாளுக்கு, பூமி இப்போதே பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"செத்துட்டேன்னு போட்டிருக்கறீங்க" என்றாள் மகள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படித்தான்னு ஆனப்பறம், வரைஞ்சது நாந்தான்னு உங்க பேரையே போட்டிருக்கலாமுல்லப்பா. இத்தனை அலைச்சல் இல்லையே. வரைஞ்சவங்க பேருன்னு எம்பேரை எதுக்குப் போட்டீங்க?"

"நீ வரைஞ்சதுதான சாமி" என்றார்.

அவள் அடியில் இருந்த இன்னொரு தாளை எடுத்தாள். அது தேதி எழுதிக் கொடுக்க வேண்டிய தாள். மேலே நாச்சிமுத்து, தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் அவர் கையெழுத்தில் கோணல்மாணலாக நிரம்பியிருந்தது. மடித்து மடித்து வியர்வையில் ஊறித் தாள் நைந்திருந்தது. தேதிக்கான இடத்தில் பேனா முனை குத்திய புள்ளிகள் மட்டும் இருந்தன.

"தேதி போடலியேப்பா."

நாச்சிமுத்து நிமிர்ந்து மகளைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தார்.

"பேனாவ எடுத்துட்டு எத்தனையோ தடவை உக்காந்தேன். எழுத வரலை, சாமி. தலைமுழுகறதுக்கு வந்துது. இதுக்குக் கை வரலை."

அதைச் சொல்லிவிட்டு அந்த மனுசன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் செத்தபோதும் மழை பொய்த்தபோதும் அழாதவர். தோள் குலுங்கியது. தனப்பிரியா அந்தத் தாளை நாலாகக் கிழித்தாள். சம்மதத் தாளை எடுத்துக் கம்ப்யூட்டர் மேசைமேல் வைத்து, குனிந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

உள்ளே பாத்திரம் உருண்டது, குழாய் ஓடியது, மூக்கு உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. கண்ணாத்தாள் எழுந்து பின்னால் போனாள். அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒருத்திக்கு வைத்ததில் மூன்று பேருக்கு எட்டாது என்று தனப்பிரியா இன்னும் ஒரு டம்ளர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நகரு என்று சொல்லிக் கண்ணாத்தாள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மல்லிகையை அப்போதுதான் அவள் தலையில் வைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது சீரகம் எங்கே இருக்கிறது, புளி எந்த டப்பாவில் என்பது மட்டும்தான். கண்ணாத்தாளுக்கு அதுவே வயிறு நிறையப் போதுமானதாக இருந்தது.

ஒரு கவலை மட்டும் பாக்கியிருந்தது. தலைமுழுகிவிட்ட பிள்ளை வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். கையெழுத்து வந்துவிட்டது, கிளம்பலாம் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் என்ன செய்வது? தனப்பிரியாவுக்கும் அது தெரியும். தட்டில் ஆவி பறக்கச் சோற்றைப் போட்டுக்கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தவள், உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை, சும்மா நின்றாள். நாச்சிமுத்து தட்டைப் பார்த்தார். கைகழுவச் செம்பை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் செல் அடித்தது. கையில் ஈரத்தோடு எடுத்து, எந்தப் பொத்தானையோ அமுக்க, குணசீலன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஐயா, சர்வர் இப்பதான் ஒழுங்கா ஓடுது. அந்தத் திருத்தத்தை இப்பவே போட்டுடறேன். கையெழுத்தை அப்புறம் ஏத்திக்கலாம். இறந்தவர்னு போட்டதை எடுத்துடட்டுமா? பொண்ணு இருக்காங்கன்னு உறுதியாத் தெரியுமா?"

நாச்சிமுத்து முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். பையன் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இருக்குது தம்பி" என்றார். "நல்லா இருக்குது. எனக்குச் சோறு போட்டுட்டுப் பக்கத்துல நிக்குது."

தனப்பிரியா பாயில் உட்கார்ந்து அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குணசீலன் சரி ஐயா என்று சொல்லி வைத்துவிட்டான். பதிவு வர இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ, போலி நெய்க்காரன் பிடிபடுவானோ மாட்டானோ, யாருக்குத் தெரியும். கண்ணாத்தாள் கரண்டியோடு சமையற்கட்டு வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மாப்பிள்ளை சாயந்திரம் எத்தனை மணிக்கு வருவார், அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நாச்சிமுத்துதான் சொன்னார்.